பெரிய பிரிண்ட்டில் கூர்மை: ஃபிலிமா, டிஜிட்டலா? கேள்வி பதில்

கேள்வி: 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்த படத்தையும், அதே அளவு சென்சார் கொண்ட 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படத்தையும் 40 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினால் எது கூர்மையாக இருக்கும்?

பதில்: 36 மி.மீ. அகலம் 40 அங்குலமாகும்போது படம் ஏறத்தாழ 28 மடங்கு பெரிதாகிறது. ஒரு கருங்கோடும் ஒரு வெண்கோடும் சேர்ந்ததை ஓர் இணை என்று கொள்வோம். நெகட்டிவில் மி.மீ.க்கு 56 இணைகள் பதிந்திருந்தாலும் (நல்ல லென்ஸும் ட்ரைபாடும் இருந்தால்தான் அதுவும் வாய்க்கும்) பிரிண்ட்டில் 2 இணைகளே மிஞ்சும். டிஜிட்டலில் 6000 பிக்சல்கள் 40 அங்குலத்தில் பரவுவதால் அங்குலத்துக்கு 150 பிக்சல், அதாவது மி.மீ.க்கு அதிகபட்சம் 3 இணைகள். நல்ல பார்வையுள்ளவர் 25 செ.மீ. தொலைவிலிருந்து 7 இணைகள் வரை பிரித்தறிவார் என்பதால், அருகில் போய்ப் பார்த்தால் இரண்டுமே போதாது.

ஆனால் இரண்டும் குறைபடும் விதம் வேறு. வானத்தின் பின்னணியில் நிற்கும் இலையற்ற கிளைகளைப் பாருங்கள். ஃபிலிம் பிரிண்ட்டில் மிக மெல்லிய குச்சியும் கிரெய்னுக்கு (ஃபிலிமில் தெரியும் பொடிமணிகளுக்கு) நடுவே அறுந்த புள்ளிக்கோடாகவேனும் தென்படும். டிஜிட்டலில் ஓரளவு தடிமன் வரை கிளை சுத்தமான விளிம்புடன் நிற்கும், அதற்குக் கீழே படிக்கட்டாக உடையும் அல்லது மறைந்துவிடும். நிழலில் உள்ள புல்லைப் பார்த்தால் நிலைமை மாறுகிறது: அங்கே ஃபிலிம் குழைந்துபோக, டிஜிட்டல் ஒவ்வோர் இதழையும் பிரித்துக் காட்டுகிறது. வண்ணப் படங்களில், இந்த அளவில், டிஜிட்டலே மேல் என்பது என் தீர்ப்பு.

கேள்வி: ஃபூஜியின் வெல்வியா 50 ஸ்லைடு ஃபிலிமின் தரவுத்தாளில் மி.மீ.க்கு 160 கோடுகள் என்று போட்டிருக்கிறது. கணக்கிட்டால் 88 மெகாபிக்சல் வருகிறதே?

பதில்: அந்த 160 என்பது (அங்கே கோடு என்பது நாம் சொன்ன இணைதான்) 1000:1 ஒளி வேறுபாடு உள்ள சோதனைக் கோடுகளுக்கானது. அதே தாளில் 1.6:1 வேறுபாட்டுக்கு 80 என்றும் போட்டிருக்கிறார்கள். துணியின் நெசவும் தோலின் நுண்வரிகளும் இதற்குத்தான் நெருக்கமானவை. லென்ஸையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய தோராய விதிப்படி லென்ஸ் 80, ஃபிலிம் 80 என்றால் இரண்டும் சேர்ந்து 40தான் தரும். அப்போது உங்கள் 88 மெகாபிக்சல் ஐந்தரையாகச் சுருங்கிவிடும். ஒரே ஃபிலிமுக்கு இப்படி இரண்டு எண்கள் வருகின்றன என்பதாலேயே, ஃபிலிமை மெகாபிக்சலில் சொல்லும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

முன்பு கேட்டவரே மீண்டும்: லென்ஸ் டிஜிட்டலுக்கும் உண்டு. அதற்கு மட்டும் ஏன் சலுகை?

பதில்: நியாயமான மறுப்பு. டிஜிட்டலுக்கு இன்னொரு குறையும் உண்டு. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி அமைப்பில் ஒவ்வொரு பிக்சலும் ஒரே நிறத்தைத்தான் பதிகிறது. பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். மற்ற நிறங்கள் அண்டைப் பிக்சல்களிலிருந்து ஊகிக்கப்படுகின்றன. ஆகவே 24 மெகாபிக்சல் சென்சாரின் கோட்பாட்டு எல்லையான மி.மீ.க்கு 83 இணைகள் நடைமுறையில் முழுதாகக் கிடைப்பதில்லை, லென்ஸ் அதையும் குறைக்கிறது. ஆயினும் குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் (ஒளியுணர்திறன் அமைப்பில்) இரைச்சல், அதாவது படத்தில் தோன்றும் புள்ளிகள், மிகக் குறைவு என்பதால், மங்கிய நுண்விவரத்தை ஷார்ப்பனிங் மூலம் பெருமளவு மீட்கலாம். ஃபிலிம் ஸ்கேனில் அதையே செய்தால் விவரத்தோடு கிரெய்னும் சேர்ந்தே தூக்கலாகிறது. நான் சலுகை என்று எதையும் தரவில்லை. வேறுபாடு இங்கேதான் பிறக்கிறது.

கேள்வி: 6x7 செ.மீ. நெகட்டிவுக்கும் இதே தீர்ப்பா?

பதில்: இல்லை. அதன் அகலம் ஏறத்தாழ 70 மி.மீ. என்பதால் 40 அங்குலத்துக்குப் பதினான்கரை மடங்கு பெரிதாக்கினால் போதும், கிரெய்னும் பாதியாகத் தணிந்துவிடும். ட்ரைபாடில் வைத்து எடுத்த 6x7 நெகட்டிவ் 24 மெகாபிக்சலுக்கு எதிரில் தயங்காமல் நிற்கும். 4x5 அங்குல ஃபிலிம் அதையும் தாண்டும். ஆனால் அதில் ஃபோகஸ் ஆழத்துக்காக லென்ஸ் துளையை எஃப்/22-க்கு மேலும் மூடிக்கொண்டே போனால், துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது (டிஃப்ராக்ஷன்) கூர்மையைத் தின்றுவிடும்.

கேள்வி: என் பிளாட்பெட் ஸ்கேனர் 6400 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 6400 புள்ளிகள்) தருகிறது. போதுமா?

பதில்: பெட்டியில் அச்சிட்ட எண் அது. இத்தகைய ஸ்கேனர்கள் உண்மையில் பிரித்தறிவது பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு. அதை வைத்து ஒப்பிட்டால் நீங்கள் மதிப்பிடுவது ஸ்கேனரை, ஃபிலிமை அல்ல.

கேள்வி: ஃபிலிம் எத்தனை மெகாபிக்சலுக்குச் சமம்?

பதில்: மேலே இரண்டாம் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கையில் பிடித்து 1/60 நொடியில் எடுத்த படங்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. ஏன்?

பதில்: கையின் நடுக்கம் இரண்டையும் ஒரே மட்டத்துக்கு இறக்கிவிட்டது. ட்ரைபாட் இல்லாமல் எடுத்த படங்களை வைத்துக் கூர்மையை ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: நல்ல ஃபிலிம் என்றால் 50 மெகாபிக்சலாவது இருக்குமல்லவா?

பதில்: இதற்கு இனி விடையளிக்க மாட்டேன்.

கேள்வி: சுவரில் மாட்டி 2 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்கு எது நல்லது?

பதில்: அந்தத் தொலைவில் கண்ணுக்கு அங்குலத்துக்கு 45 பிக்சல் அளவே போதும். இரண்டும் தாங்கும், வண்ணம் பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: முழு பிரிண்ட்டுக்குச் செலவழிக்காமல் ஒப்பிட வழி உண்டா?

பதில்: உண்டு. இரண்டு கோப்புகளையும் 40 அங்குல அகலத்துக்கு அமைத்து, ஒரே பகுதியை 8x10 அங்குலத் துண்டாக வெட்டி, ஒரே தாளில் அச்சிடுங்கள். கிளைகள் உள்ள ஒரு துண்டும், நிழல் உள்ள ஒரு துண்டும் வேண்டும். திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ட்ரைபாட் என்பதை மறுபடியும் சொல்லிவிடுகிறேன்.