சிறகு விரித்த உருவம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜரதுஷ்டிர சமயத்தைப் பின்பற்றும் பார்சி நண்பர் ஒருவரின் வீட்டில், விரிந்த சிறகுகளுக்கு நடுவே தாடி வைத்த ஒருவர் இருக்கும் சின்னத்தைக் கண்டேன். சிறகின் மூன்று அடுக்குகளும் நற்சிந்தனை, நற்சொல், நற்செயல் என்றார். பண்டைப் பாரசீகச் சிற்பிகளும் அப்படி எண்ணித்தான் செதுக்கினார்களா? அது அவர்களின் முழுமுதற் கடவுளான அகுர மஸ்தாவின் உருவம்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

அந்த மூன்று நெறிகளும் பார்சிகளின் புனித நூலான அவெஸ்தாவிலேயே உள்ளவை. ஆனால் அவற்றைச் சிறகின் அடுக்குகளோடு பொருத்திச் சொல்வது பிற்கால விளக்கம். பண்டைப் பாரசீகத்தை ஆண்ட அகாமனிசியர் அப்படிக் கருதினார்கள் என்பதற்குச் சான்று இல்லை. சிறகுள்ள வட்டமேகூட எகிப்திலும் அசீரியாவிலும் நெடுங்காலம் வழங்கி, பின்னர் பாரசீகத்துக்கு வந்த வடிவம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஈரானிலுள்ள பெஹிஸ்தூன் மலைச்சிற்பத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஏறத்தாழ கி.மு. 520இல் அகாமனிசிய அரசர் தாரியஸ் செதுக்குவித்தது அது. தனக்கு முன் அரியணையைப் பிடித்திருந்த கௌமாதனைக் காலின்கீழ் மிதித்தபடி அரசர் நிற்க, கழுத்தில் கயிறு பிணைத்த கலகத் தலைவர்கள் எதிரே வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்கு மேலே சிறகு வட்டத்திலிருந்து எழும் உருவம் அரசரை நோக்கி, ஆட்சியுரிமையைக் குறிக்கும் ஒரு வளையத்தை நீட்டுகிறது. தோற்றவர் ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்தவர்கள், மேலே இருப்பவர் யாரென்று எழுதவில்லை. இதனால்தான் அதை ஃபிரவஷி எனப்படும் காவல் ஆவி என்றும், அரசனுக்குரிய தெய்வீக ஒளி என்றும் கொள்ளும் அறிஞர்கள் உள்ளனர்.

நான் அதை அகுர மஸ்தா என்றே கொள்கிறேன். உடனுள்ள நீண்ட கல்வெட்டில் தாரியஸ், அகுர மஸ்தாவின் அருளால்தான் அரசனானதாகத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். வளையம் நீட்டும் கை அந்தச் சொற்களின் காட்சி வடிவமாகவே எனக்குப் படுகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, பிற்காலப் பாரசீக மரபான சாசானியரின் அரசர் முதலாம் அர்தஷீர் நக்ஷ்-இ ருஸ்தம் என்னும் குன்றில் செதுக்குவித்த சிற்பத்தில், குதிரைமேல் அமர்ந்து அவருக்கு வளையம் வழங்குபவர் அகுர மஸ்தா என்று கல்வெட்டே பெயர் சொல்கிறது. இடையே காலம் நெடியது என்பதால் இதை முடிவான சான்றாகச் சொல்லமாட்டேன். எனினும் புறக்கணிக்கக்கூடியதும் அன்று.

அதே குன்றில் தாரியஸின் கல்லறை முகப்பும் இருக்கிறது. மூன்று படிகள் கொண்ட மேடையில் இடக்கையில் வில்லோடு நின்று, எரியும் தீபீடத்தின் முன் வலக்கையை உயர்த்துகிறார் அரசர். அரசருக்கும் பீடத்துக்கும் மேலே அந்தச் சிறகு உருவம். சமயக் குறியீடு என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கது இங்குள்ள நெருப்பே. சாசானிய வெள்ளிக்காசுகளின் பின்புறத்தில் நிலையாக இடம்பெற்றதும் தீபீடம்தான்.

அன்புடன்,
ஆசிரியர்