ஃபிஜியில் பிறந்தவர் கார்க் அணிக்குக் கெப்டன்

கேள்வி: சேர், என் மகன் குடும்பத்தோடு அயர்லாந்தில், கார்க் நகரில் இருக்கிறான். ஹர்லிங் என்ற மட்டை ஆட்டத்துக்குப் பேரனைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிறார்களாம். "அது அவங்க ஆட்டம், நமக்கு எதுக்கு?" என்று மகன் தயங்குகிறான். வெளியிலிருந்து போன யாராவது அதில் பெரிய ஆளாக வந்திருக்கிறார்களா?
- வாசகி ஒருவர், மஸ்கெலியா

பதில்: வந்திருக்கிறார் அம்மா, அதுவும் அதே கார்க்கில். பெயர் ஷான் ஓக் ஓ ஹால்பின். 1977ல் ஃபிஜி நாட்டின் ரொட்டுமா தீவில் பிறந்தவர். அம்மா அந்தத் தீவுக்காரர். அப்பா அயர்லாந்தின் ஃபெர்மானா மாவட்டம். அங்கேயும் ஹர்லிங் பெரிதாகக் கிடையாது. சிட்னியில் வளர்ந்து, 1988ல்தான் கார்க் வந்து சேர்ந்தார். அங்கே பிறந்த பிள்ளைகள் நடை பழகும் வயதிலேயே மட்டை பிடித்துவிடுவார்கள். இவரோ பத்து வயது தாண்டித்தான் தொடங்கினார்.

அப்புறம் 1996 முதல் 2012 வரை கார்க் அணியில் ஆடினார். 1999, 2004, 2005 என்று மூன்று முறை அகில அயர்லாந்துக் கிண்ணம். 1999ல் ஹர்லிங் இறுதியாட்டத்தில் வென்ற அதே மாதத்தில், கார்க்கின் கேலிக் கால்பந்து (அது அயர்லாந்துக்காரர்களின் சொந்தக் கால்பந்து) அணிக்காகவும் இறுதியாட்டம் ஆடினார். அதில் தோல்விதான். ஆனாலும் ஒரே ஆண்டில் இரண்டு இறுதியாட்டம் என்பது லேசான காரியமா?

என் மனதில் நிற்பது 2001. கார் விபத்தில் முழங்கால் சில்லின் தசைநார் அறுந்துபோனது. பிள்ளைகளுக்கு நம் ஊர் மட்டைப் பந்தாட்டமான எல்லே பழக்கிய எனக்கு, முழங்கால் போனால் என்ன ஆகும் என்று தெரியும். அவர் திரும்பி வந்தார். 2004ல் ஆண்டின் சிறந்த ஹர்லிங் வீரரும் அவரே. அடுத்த ஆண்டு கெப்டனாகக் கிண்ணத்தை வாங்கி, குரோக் பார்க் மைதானத்தில் முழுப் பேச்சையும் ஐரிஷ் மொழியில் பேசினார். அங்கேயே பிறந்தவர்களில் பலருக்கு அந்த மொழியில் சரளமாகப் பேச வராது.

அந்த ஆட்டத்தில் யாருக்கும் சம்பளம் இல்லை. இவரும் வேலைக்குப் போய்க்கொண்டேதான் ஆடினார். குடியிருக்கும் பக்கத்துக் கிளப்பில் சேர்ந்து, அங்கிருந்துதான் மாவட்ட அணிக்குப் போக வேண்டும். இவருடைய கிளப் நகரின் வடக்குப் பக்கத்து நா பியர்சி. அந்தத் தெருப் பிள்ளைகளோடு சேற்றில் உருண்டுதான் கார்க்காரர் ஆனார்.

உங்கள் மகனின் தயக்கம் எனக்குப் புரிகிறது. இந்த மலையில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தும், "நீங்க எங்கிருந்து வந்தவங்க?" என்ற கேள்வியைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதற்காகவே சொல்கிறேன், பேரனை அனுப்பச் சொல்லுங்கள். அடிபடுமோ என்று பயப்பட வேண்டாம்; 2010 முதல் முகக் கம்பியோடு ஹெல்மெட் எல்லோருக்கும் கட்டாயம். மட்டை மட்டும் பிள்ளையின் உயரத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும். பெரிய மட்டையைக் கொடுத்தால் கை பழகாது.