999 ரூபாய்க்கு 5,000 கட்டுரை வாங்கலாமா? – வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: ஆன்லைனில் கடை போட்டாயிற்று, அதில் போட எழுத்தும் படமும் எங்கே வாங்குவது?

கேள்வி: குடியாத்தத்தில் கைலி நெய்கிறோம். கூகுளில் கிடைக்கும் கைலிப் படங்களை வாட்டர்மார்க்கை வெட்டிவிட்டுப் போடலாமா?

கூடாது. இது இன்னொருவருடைய படம் என்று சொல்லத்தான் வாட்டர்மார்க்கே. வீட்டில் தறி ஓடும்போது ஊரார் கைலியை எதற்குக் காட்ட வேண்டும்? காலை வெயிலில் திண்ணையில் விரித்து, கட்டம் முழுசாகத் தெரிகிற மாதிரி ஒரு படம், நூல் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். போன் கேமரா போதும். படத்தில் ஒரு நிறம், பார்சலில் ஒரு நிறம் என்றால் சரக்கு திரும்பி வரும். போக வர கூரியர் செலவு உங்கள் தலையில்.

கேள்வி: ஆற்காட்டில் மக்கன் பேடா செய்து அனுப்புகிறோம். அதன் வரலாற்றை விக்கிப்பீடியாவிலிருந்து எடுக்கலாமா?

எடுக்கலாம். மூலத்தைக் குறிப்பிட்டு, அந்தப் பகுதியை அதே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட வேண்டும். ஆனால் வாங்குகிறவர் நவாப் கதையா கேட்கிறார்? எத்தனை நாள் கெடாது, பாகு ஒழுகாமல் வந்து சேருமா, உள்ளே என்ன பருப்பு என்றுதான் கேட்கிறார். முதலில் அதை எழுதுங்கள்.

கேள்வி: சார், கன்டென்ட் எங்கே கிடைக்கும்? உடனே சொல்லவும்.

என்ன விற்கிறீர்கள், யாருக்கு, எந்த மொழியில்? மூன்றில் ஒன்றுகூடக் கடிதத்தில் இல்லை. உடம்புக்கு என்ன என்றே சொல்லாமல் மாத்திரை கேட்டால் எந்த டாக்டர் தருவார்? எழுதி மறுபடி அனுப்புங்கள்.

கேள்வி: காட்பாடியில் ஒரு ஃப்ரீலான்ஸர் எங்களுக்கு 60 பக்கம் எழுதித் தந்தார். பணம் முழுக்கக் கொடுத்துவிட்டோம். இப்போது எழுத்து தன்னுடையது என்கிறார். அது எப்படி?

அவர் சொல்வது சரி. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையாக எழுதியது முதலாளிக்குச் சேரும். வெளியாள் எழுதியது, அவர் கையெழுத்திட்டு மாற்றித் தரும் வரை அவருடையதுதான். ஜிபேயில் பணம் போன ரசீது இதற்குப் போதாது. அந்தக் காகிதத்திலும் கவனம் வேண்டும்: காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அனுப்புகிறவர்கள் 'உலகம் முழுவதும்' என்று எழுதி வாங்குங்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ மட்டும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உங்களுடையது. சண்டை போடாமல் அவரைக் கூப்பிட்டுப் பேசி இப்போதாவது எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஆம்பூரில் எக்ஸ்போர்ட் ஷூ மீதச் சரக்கை ஆன்லைனில் விற்கிறேன். 999 ரூபாய்க்கு 5,000 பி.எல்.ஆர். கட்டுரை (வாங்குகிறவர் தன் பெயரில் போட்டுக்கொள்ளும் ரெடிமேட் எழுத்து), தமிழிலும் மாற்றித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வாங்கலாமா?

வாங்காதீர்கள். இதே கட்டுரை மூட்டையை உங்களுக்கு விற்றவர் இன்னும் எத்தனை நூறு பேருக்கு விற்றிருப்பார் என்று யோசியுங்கள். உங்கள் பக்கத்தில் இருப்பது அத்தனை பேர் பக்கத்திலும் இருக்கும்போது, தேடுகிறவருக்கு உங்களை ஏன் காட்ட வேண்டும்? பயனில்லாத பக்கங்களை மூட்டை மூட்டையாக ஏற்றுவதை 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பாம் கணக்கில் சேர்த்துவிட்டது. மனிதர் எழுதினாரா, இயந்திரம் எழுதியதா என்பதெல்லாம் அதற்கு வித்தியாசமில்லை.

தமிழ் மாற்றம் பற்றி நான் பட்டதையே சொல்கிறேன். சில வருடம் முன்பு ராணிப்பேட்டையில் ஒரு ஷூ வியாபாரிக்காக ஓர் ஏஜென்சியிடம் 40 பக்கம் வாங்கிக் கொடுத்தேன். நேரமில்லை என்று நான் முழுக்கப் படிக்கவில்லை. 'லெதர் அப்பர், ரப்பர் சோல்' என்று இருக்க வேண்டிய இடமெல்லாம் 'தோல் மேல், ரப்பர் ஒரே' என்று வந்திருந்தது. ஷூவின் அடிப்பாகமான 'சோல்', ஆங்கிலத்தில் 'ஒரே' என்றும் பொருள்படும், அதுதான் வினை. லேஸுக்கு அடியில் இருக்கும் டங், 'மென்மையான நாக்கு' ஆகியிருந்தது. திருச்சியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, "ஒரே என்றால் ஒரு கால் மட்டும்தான் வருமா?" என்று கேட்டிருக்கிறார். முப்பது வருடமாகத் தோலைத் தொட்டே தரம் சொன்ன மனிதர் அந்த வியாபாரி. அவர் பெயரில் இப்படிப் போனதே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆம்பூரில் இருந்துகொண்டு ஷூ பற்றிய எழுத்தை வெளியே தேடுவது எனக்குப் பொறுக்கவில்லை. லாஸ்டிங்கில், அதாவது தோலை அச்சில் இழுத்து ஷூ வடிவாக்கும் வேலையில், இருபது வருடம் நின்றவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். ஃபுல் கிரெயின் (தோலின் மேல் அடுக்கு) எது, ஸ்ப்ளிட் (கீழ் அடுக்கு) எது என்று மடக்கிப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது, ஒட்டிய சோலுக்கும் தைத்த சோலுக்கும் உழைப்பில் என்ன வித்தியாசம் என்று கேட்டு, அவர் சம்மதத்தோடு போனில் பதிவு செய்யுங்கள். அப்புறம் ஒரு நோட்டுப் போட்டு, இரண்டு வாரம் போனில் வரும் ஒவ்வொரு கேள்வியையும் குறியுங்கள். உங்கள் சரக்கில் 42 என்று ஐரோப்பிய அளவு அடித்திருக்கும். அது நம் கடைக் கணக்கில் ஏறக்குறைய 8 என்பதே பலருக்குத் தெரியாது. இப்படி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதிய ஒரு பக்கம் 5,000 கட்டுரையைவிட அதிகமாக விற்றுத் தரும். எழுத வரவில்லையா, பதிவை ஒரு நல்ல எழுத்தாளரிடம் கொடுத்துச் சொல்லுக்கு ஒரு ரூபாய் கொடுங்கள். 20 பைசாவுக்கு எழுதுகிறவர் பார்த்து ஒட்டத்தான் முடியும். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. கையெழுத்து வாங்க மறக்க வேண்டாம்.

கேள்வி: வேலூரில் கத்தரி வற்றல் விற்கிறேன். ஏ.ஐ. எழுதித் தந்ததில் 'இலவம்பாடி முள் கத்தரி, சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று இருக்கிறது. போடலாமா?

இரண்டுமே ஆபத்து. நோயைக் குணமாக்கும் என்ற விளம்பரத்துக்கு 1954-லேயே தடைச்சட்டம் உண்டு. சர்க்கரை நோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிகளும் விடாது. இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தையில் வாங்கிய வேறு கத்தரிக்கு அந்தப் பெயர் வைக்க முடியாது. ஏ.ஐ. வைத்து எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் அது உங்கள் கொல்லையையும் பார்த்ததில்லை, வற்றலையும் தின்றதில்லை. ஒவ்வொரு வரியையும் நீங்கள் படித்த பிறகே போடுங்கள்.

கேள்வி: திருப்பத்தூரில் திருக்குறள் நாட்காட்டி செய்து விற்கிறேன். தினம் ஒரு குறளை மு.வ. உரையோடு பக்கத்தில் போடலாமா?

குறள் எல்லோருக்கும் பொது. உரை அப்படியில்லை. ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு, மு.வ. மறைந்தது 1974. நம் வட ஆர்க்காட்டுக்காரர் என்ற பாசம் எனக்கும் உண்டு, ஆனால் அனுமதி கேட்டு எழுத வேண்டியது பதிப்பகத்துக்குத்தான். பரிமேலழகரை எடுக்கத் தடையில்லை. இன்றைய வாசகருக்குக் கடினம். உங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழையா ஒருவரிடம் குறளுக்கு இரண்டு வரி புதிதாக எழுதச் சொல்லி, கௌரவமான தொகை கொடுங்கள். காட்பாடி வாசகருக்குச் சொன்ன அந்தக் கையெழுத்தை ஐயாவிடமும் வாங்கிவிடுங்கள்.