மேப் போட்டு என்ன சம்பாதிக்க முடியும்?

அம்மா, மகள் ஜிஐஎஸ் (இடங்களைப் பற்றிய தகவல்களைக் கணினியில் வரைபடத்தோடு இணைத்து ஆராயும் புவியியல் தகவல் அமைப்பு) படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள், "மேப் போட்டு என்ன சம்பாதிக்கப் போகிறாள்?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மேப் போடுவது இந்த வேலையின் கடைசி அரை மணி நேரம். அதற்கு முன்னால் போகும் நாட்களெல்லாம் அட்டவணையோடு மல்லுக்கட்டுவதுதான்.

கணினி வரைபடத்தில் ஓடும் ஆறு ஒரு அடுக்கு, சாலைகள் இன்னொரு அடுக்கு, பள்ளிகள் மூன்றாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் பள்ளி வெறும் புள்ளியாகத் தெரியும். அதன் பின்னால் பெயர், மாணவர் எண்ணிக்கை, மாடி உண்டா இல்லையா என்று ஒரு வரி இருக்கும். "ஆற்றிலிருந்து 500 மீட்டருக்குள் மாடி இல்லாத பள்ளிகள் எவை?" என்று கேட்டால் பட்டியல் வந்து விழும். 1960களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் என்ற புவியியலாளர் ஜிஐஎஸ்ஸைத் தொடங்கியதும் அதற்காகத்தான். அவ்வளவு பெரிய நாட்டின் நில வளத்தை, ஒரு வரைபடத்தின் மேல் இன்னொன்றை வைத்துக் கையால் அளந்து முடிக்க முடியாது.

சரி, மகளுக்கு இது ஒத்துவருமா? காசு கட்டும் முன் கியூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருளை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், இலவசம். பத்து ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை அட்டவணையாக அடித்து ஏற்றட்டும். நாம் எப்போதும் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள். மென்பொருளோ எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகையைக் கேட்கும். மாற்றிக் கொடுத்தால் 48.86, 2.35 என்ற பாரிஸ், சோமாலியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் போய் விழும். அதைப் பார்த்து மடிக்கணினியை மூடிவிடுகிறாளா, ஏன் என்று தோண்டுகிறாளா? தோண்டினால் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த பொறி, அளவு. அதே புள்ளிகளைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் போட நினைத்து 500 என்று அடிப்பாள். தரவு டிகிரியில் இருந்தால் அது 500 டிகிரி ஆகிவிடும், உலகமே மூடிப்போகும். அட்சரேகையில் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் அது நிலநடுக்கோட்டில் மட்டும்தான் அவ்வளவு. 60 டிகிரி அட்சத்தில் பாதியாகச் சுருங்கிவிடும். மீட்டர் கணக்குள்ள ப்ரொஜெக்ஷனுக்கு (உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் முறைக்கு) மாற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டால் சான்றிதழ் வைத்திருப்பவர்களே விழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை பெரும்பாலும் சலிப்பாகத்தான் இருக்கும் என்பதையும் மறைக்க மாட்டேன். செயற்கைக்கோள் படத்தின் மேல் கட்டட விளிம்புகளை மவுஸால் நாள் முழுக்க வரைவது. அதிலேயே தங்கிவிட்டால் சம்பளம் ஏறாது, அந்த வேலையை இப்போது கணினியே பாதி செய்துவிடுகிறது. எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி), கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி, அப்புறம் நீர்வளமோ பொதுச் சுகாதாரமோ நகரத் திட்டமிடலோ ஏதாவது ஒரு துறையில் பிடிப்பு, இவை இருந்தால் கதை வேறு. வெறும் ஜிஐஎஸ் மட்டும் என்றால் நானே யோசிப்பேன்.

நிறுவனத்தில் விசாரிக்கப் போகும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: கோஆர்டினேட் சிஸ்டத்துக்கு (இடங்களை எண்களால் குறிக்கும் முறை, மேலே சொன்ன இரண்டு பொறிகளும் இதில்தான்) எத்தனை வகுப்பு? ஒன்றே ஒன்று என்றால் வேறு இடம் பார்க்கலாம்.