மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைத் தோலில் செலுத்தி வலியை ஆராய்கிறார்கள். அந்த எரிச்சல் சீக்கிரம் அடங்கிவிடுகிறதே, ஆய்வில் எதை அளக்கிறார்கள்?

முக்கியமாக அளப்பது எரிச்சலை அல்ல, அதன்பின் சுற்றிலும் பரவும் கூருணர்வை, அதாவது தோல் வழக்கத்தைவிட எளிதில் வலிப்பதை. முன்கையின் உட்பக்கத் தோலுக்குள் 100 மைக்ரோகிராம் செலுத்துவது வழக்கமான அளவுகளில் ஒன்று. சூட்டையும் காரத்தையும் உணரும் டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பிகள் திறந்து, எரிச்சல் சில நொடிகளில் உச்சம் தொடும். கால் மணி நேரத்தில் பெரிதும் தணியும். ஆனால் மருந்து படாத சுற்றுப்புறத் தோலில்கூட லேசாகக் குத்தினால் அதிகம் வலிக்கும். இது தண்டுவட நரம்பணுக்கள் கிளர்ந்திருப்பதன் அடையாளம். இந்த முறையின் மதிப்பே இதில்தான் இருக்கிறது.

கூருணர்வு பரவிய பரப்பை வரைய, விறைப்பான வான் ஃப்ரே இழையால் (குறிப்பிட்ட விசையில் தோலை அழுத்தும் மெல்லிய இழை) வெளியிலிருந்து மையம் நோக்கி அரை சென்டிமீட்டர் இடைவெளியில் அழுத்தி வாருங்கள். உணர்வு மாறும் புள்ளியைக் குறியுங்கள். எட்டுத் திசைகளிலும் இப்படியே.

தோலின் வெப்பநிலையைக் கவனிக்காவிட்டால் எல்லாம் கெடும்: குளிர்ந்த தோலில் எரிச்சல் குறையும், சூட்டில் கூடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கொடுத்தாலும் நரம்பு முனைகள் மரத்துவிடும். தாங்க முடியாதபோது உடனே நிறுத்தலாம் என்பதைப் பங்கேற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.