ஒரு நல்ல கட்டுரை போதும், அங்கிருந்து தொடங்கலாம்

அன்புள்ள ஐயா,

நூலக அறிவியல் முதலாண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தரவுத்தளத்தில் தேடிப் பழக வேண்டும். 'கைபேசி பதின்வயதினரின் தூக்கத்தை எப்படிப் பாதிக்கிறது' என்பது எனக்குக் கொடுத்த கேள்வி. அதை ஆங்கிலத்தில் அப்படியே அடித்தேன், கொஞ்சம்தான் வந்தது. ஒவ்வொரு சொல்லையும் மேற்கோள் குறிக்குள் போடச் சொன்னாள் தோழி, அதிலும் குறைந்துபோனது. கூகுள் இருக்கும்போது இதை ஏன் கற்க வேண்டும், எங்கே தொடங்குவது?

நூலக அறிவியல் மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

முழு வாக்கியத்தைக் கொடுத்தால் பப்மெட் அதிலுள்ள பெரும்பாலான சொற்களை நிபந்தனையாக எடுத்துக்கொள்ளும். 'பாதிக்கிறது' என்ற சொல் இல்லாத நல்ல கட்டுரைகூட விழுந்துவிடும். மேற்கோள் குறி அதைவிடச் சிக்கல். குறி இல்லாமல் 'டீனேஜர்ஸ்' என்று அடித்தால் பப்மெட் தானாகவே 'அடோலசென்ட்' என்ற பொருள்தலைப்பையும் சேர்த்துத் தேடும், குறி போட்டதும் அந்த உதவி நின்றுவிடும்.

அந்தப் பொருள்தலைப்புதான் விஷயமே. ஒருவர் டீன் என்று எழுதுவார், இன்னொருவர் யூத் என்பார். யார் எப்படி எழுதியிருந்தாலும் 13 முதல் 18 வயதுக்காரர்களைப் பற்றியதென்றால் அடோலசென்ட் என்ற ஒரே தலைப்பின் கீழ் வரும். மெஷ் என்று சொல்லும் இந்தப் பட்டியலை அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதல் வைத்திருக்கிறது, இப்போது சுமார் 30 ஆயிரம் தலைப்புகள். 2022 முதல் கட்டுரைகளுக்குத் தலைப்புக் கொடுக்கும் வேலையைக் கணினி நிரல் செய்கிறது என்றாலும், அதற்கு முன் பல பத்தாண்டுகள் ஆட்கள் உட்கார்ந்து கட்டுரை கட்டுரையாகப் படித்துத் தலைப்புக் கொடுத்தார்கள். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. நீங்கள் சேரப்போவதும் அந்த வரிசையில்தான், அதனால்தான் இதைக் கற்கச் சொல்கிறேன்.

சரி, எங்கே தொடங்குவது? வந்த முடிவுகளில் உங்கள் கேள்விக்குச் சரியாகப் பொருந்தும் கட்டுரை ஒன்றே ஒன்றைப் பிடியுங்கள். அதைத் திறந்து, சுருக்கத்தைத் தாண்டிக் கீழே போனால் மெஷ் தலைப்புகள் வரிசையாக இருக்கும். செல் போன், ஸ்மார்ட்போன், ஸ்லீப், அடோலசென்ட் என்று நீங்கள் யோசிக்காததும் அதில் கிடைக்கும், குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முத்தை வைத்து மற்றவற்றை வளர்ப்பது என்று நம் துறையில் இதைச் சொல்வார்கள்.

அப்புறம் கேள்வியை மூன்றாக உடையுங்கள்: கைபேசி, தூக்கம், வயது. ஒவ்வொன்றுக்கும் உள்ள மாற்றுச் சொற்களை அடைப்புக்குறிக்குள் ஆர் (OR) போட்டுச் சேர்த்து, மூன்று கூட்டத்தையும் ஆண்ட் (AND) போட்டு இணையுங்கள். இந்த இரண்டையும் பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

ஒரு சொல் உள்ள கட்டுரைகளை விலக்கும் நாட் (NOT) மட்டும் இப்போதைக்கு வேண்டாம். மாணவனாக இருந்தபோது, பெரியவர்களைப் பற்றிய கட்டுரைகள் வரக்கூடாது என்று 'நாட் அடல்ட்' போட்டேன். பதின்வயதினரையும் பெரியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் எல்லாம், எனக்கு மிகவும் தேவைப்பட்டவையே அவைதான், சத்தமில்லாமல் போய்விட்டன. எதை இழந்தோம் என்று திரை சொல்லாது. வேறு ஒரு வேலைக்காகத் தேடும்போதுதான் அவை கண்ணில் பட்டன, அதற்குள் ஒப்படைப்பைக் கொடுத்து முடித்திருந்தேன்.

இன்னொன்று, மெஷ் தலைப்பை மட்டும் நம்பினாலும் பப்மெட்டில் ஒரு பகுதி தப்பிவிடும், எல்லாக் கட்டுரைக்கும் மெஷ் தலைப்புக் கொடுப்பதில்லை. அதனால் கட்டுரையின் பெயரிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சாதாரணச் சொற்களையும் ஆர் போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்று ஒரு முறை மெஷ் தலைப்புகளை மட்டும் வைத்தும், ஒரு முறை சாதாரணச் சொற்களை மட்டும் வைத்தும் தேடிப் பாருங்கள். அட்வான்ஸ்டு பக்கத்தில் இரண்டு தேடலும் எண்ணிக்கையோடு இருக்கும், பப்மெட் உங்கள் சொற்களை எப்படி மாற்றிக்கொண்டது என்ற விவரமும் அங்கேயே விரியும். ஒன்றில் வந்து மற்றதில் வராத கட்டுரைகளில் நாலைந்தைத் திறந்து, ஏன் வரவில்லை என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.