ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம்: எந்த மாத்திரையை நிறுத்தலாம்?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 61 வயது, மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் ஒன்பது மாத்திரை. தொடை வலிக்கிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சை இழுத்து இழுத்து விடுகிறார், கையில் அங்கங்கே நீலம் கட்டியிருக்கிறது. இத்தனை மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்த, அவர் தானாகவே இரண்டு மூன்றை நிறுத்தப் பார்க்கிறார். போதாக்குறைக்குக் கடைவாய்ப் பல் வேறு பிடுங்க வேண்டும், மருந்துக்கடைக்காரர் "ஒரு வாரம் எல்லாத்தையும் நிறுத்திடுங்க" என்றிருக்கிறார்.

நிறுத்த வேண்டாம். குறிப்பாக நீங்கள் அனுப்பிய சீட்டில் இருக்கும் ஆஸ்பிரின் 75, டிக்காக்ரலர் 90 இரண்டையும் ஒரு வேளைகூட விடக்கூடாது.

காரணத்தை அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். ஸ்டென்ட் என்பது சுமார் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள கம்பி வலை, ரத்தத்துக்கு அது வெளியாள். உடம்பு அதன் மேல் தன் சொந்தச் சவ்வைப் போர்த்திக்கொள்ளப் பல மாதம் ஆகும், அதுவரை ரத்தம் அந்தக் கம்பியில் உறைந்து ஒட்டப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதைத் தடுப்பவை இந்த இரண்டு மாத்திரைகள்தான். விட்டால் மெல்ல மெல்ல அடைக்காது, திடீரென்று அடைத்துக்கொள்ளும், அது முதல் மாரடைப்பைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். மாரடைப்புக்காக வைத்த ஸ்டென்ட் என்றால் பொதுவாக 12 மாதம் இரண்டும் வேண்டும், பிறகு ஒன்று மட்டும் தொடரும். கையில் நீலம் கட்டுவது அந்த மருந்து வேலை செய்வதன் அடையாளம், அது பரவாயில்லை. மலம் தார் மாதிரி கறுத்துப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி மூச்சு. இதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதற்கு எக்கோ, எக்ஸ்ரே, இன்ஹேலர் என்று அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிக்காக்ரலர் சாப்பிடுகிறவர்களில் பத்தில் ஒருவருக்காவது இப்படி மூச்சு முட்டுகிற உணர்வு வரும். நுரையீரலும் கெட்டிருக்காது, இதயமும் கெட்டிருக்காது, பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தொடங்கும், ஓய்வாக இருக்கும்போதே தெரியும், பலருக்குத் தானாகக் குறைந்துவிடும். ஆனால் படுத்தால் அதிகமாகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் நிம்மதி, கால் வீங்குகிறது, நாலு படி ஏறினால் நிற்க வேண்டியிருக்கிறது என்றால் அது மாத்திரையின் வேலை இல்லை, இதயம் தளர்ந்திருக்கலாம், உடனே காட்டுங்கள். மாத்திரையால்தான் என்று உறுதியாகி, அவரால் தாங்கவும் முடியவில்லை என்றால், ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையான குளோபிடோக்ரலுக்கு மாற்றலாம். அதை மருத்துவர்தான் மாற்ற வேண்டும், முதல் நாள் எத்தனை மாத்திரை, எந்த நேரம் என்று அதற்குக் கணக்கு இருக்கிறது. கடையில் "அதுவும் இதுவும் ஒண்ணுதான்" என்று அட்டையை மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இப்படித்தான் ஒருவர் கறுப்பாக மலம் போகிறது என்று என்னிடம் வந்தார். பையைக் கவிழ்த்து அட்டைகளை மேசையில் பரப்பினோம். தனி ஆஸ்பிரின் ஓர் அட்டை, குளோபிடோக்ரலோடு ஆஸ்பிரின் சேர்ந்தது ஓர் அட்டை, கொழுப்பு மாத்திரையோடு ஆஸ்பிரின் சேர்ந்தது இன்னொன்று. மூன்று மாதமாக மூன்று ஆஸ்பிரின்! மேலே இருக்கும் பெரிய பெயரைப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு மருந்து, கீழே எறும்பு சைஸ் எழுத்தைப் படித்தால்தான் விஷயம் தெரியும். 2017இல் ஸ்டென்டுக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்தார்கள், நல்லதுதான். ஆனால் ஸ்டென்டைக் காப்பாற்றுகிற மாத்திரை எது, எத்தனை நாள் என்று தமிழில் நாலு வரி எழுதிக் கொடுக்க இன்னும் ஆள் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி எட்டுப் பக்கம், அத்தனையும் ஆங்கிலம், அடுத்த முறை போனால் இரண்டு நிமிடத்தில் "நெக்ஸ்ட்". அப்புறம் ஜனங்கள் மருந்துக்கடையில் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்கள்?

தொடை வலிக்குக் கொழுப்பு மாத்திரையான அடோர்வாஸ்டாடின் காரணமாக இருக்கலாம். ரத்தத்தில் சிபிகே (தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் சோதனை), தைராய்டு பாருங்கள். மருத்துவர் அளவைக் குறைக்கலாம், ரோசுவாஸ்டாடின், எசெடிமைப் என்ற வேறு கொழுப்பு மாத்திரைகளுக்கு மாற்றலாம் அல்லது சேர்க்கலாம், வழி நிறைய உண்டு. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் மட்டும் அன்றே காட்டுங்கள். வறட்டு இருமல் வந்தால், பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் ராமிப்ரில் காரணமாக இருக்கலாம், அதற்குப் பதில் டெல்மிசார்ட்டன் தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கிட்னி விஷயம். இந்த மாத்திரைகளைவிட, கட்டுப்படாத பிரஷரும் சர்க்கரையும்தான் கிட்னியை அதிகம் கெடுக்கும். அதோடு தொடை வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற டைக்குளோஃபினாக், இபுபுரோஃபன். இவை கிட்னிக்கும் ஆகாது, ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். வலி தாங்காவிட்டால் பாராசிட்டமால் போதும்.

இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர் காய்ச்சி அடைப்பைக் கரைப்பதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது எந்த அடைப்பையும் கரைக்காது. சமையலில் பூண்டு தாராளமாகச் சேர்க்கட்டும். "மாத்திரையை நிறுத்தினால்தான் எங்கள் மருந்து வேலை செய்யும்" என்று சொல்லி 48 நாள் பாக்கேஜுக்குப் பணம் கேட்பவர்களை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். அவர்களை நம்பி இரண்டாம் மாரடைப்போடு வந்தவர்களுக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன், சிலரைக் காப்பாற்ற முடியவில்லை.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கம்பெனி வைத்த பெயரை விட்டு, இதே மருந்தின் மூலப்பெயர் சொல்லிக் கேளுங்கள், விலை பெரிதும் குறையும்.

பல்லைப் பொறுத்தவரை, ஒரு பல் பிடுங்க இந்த மருந்துகளை நிறுத்தத் தேவையே இல்லை. பஞ்சை வைத்து அழுத்தமாகக் கடிக்கச் சொல்வார்கள், தேவைப்பட்டால் ஒரு தையல் போடுவார்கள், ரத்தம் நிற்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். ஸ்டென்ட் வைத்த தேதியையும் மாத்திரைப் பெயர்களையும் பல் மருத்துவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். காலையில் முதல் ஆளாக அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள், கசிவு இருந்தால் பகலிலேயே திரும்பப் போய்க் காட்டலாம். வலி ஊசியும் மாத்திரையும் தரும்போது டைக்குளோஃபினாக், இபுபுரோஃபன் இரண்டில் ஏதாவது அதில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.